அத்தியாயம் 6: ஒரே கிரியாட்டினின், இரண்டு ஹீமோகுளோபின்

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.5 என்று வந்துவிட்டால் வீடு சும்மா இருக்காது. மாமியார் பேரீச்சம்பழ டப்பாவைத் திறப்பார். பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் சாறு சொல்வார். கறிக்கடையில் சுவரொட்டி எனும் மண்ணீரலுக்குச் சொல்லி வைப்பார்கள். மாதுளை, முருங்கைக்கீரை, கருப்பட்டி என்று வரிசை நீளும். எல்லாம் அன்பினால் செய்வது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இதில் பெரிய கெடுதல் இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்கோ இதுவே உலை வைக்கும். பேரீச்சை, மாதுளைச் சாறு, பீட்ரூட், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்ற வேண்டிய உறுப்பே தளர்ந்திருக்கும்போது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். ஈரலிலும் மண்ணீரலிலும் பாஸ்பரஸ் அதிகம்; அது எலும்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும்.

சிறுநீரக நோயில் ரத்தம் குறைவதன் முதல் காரணம் சாப்பாட்டுத் தட்டில் இல்லை. "ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகுமா?" என்று நோயாளியைக் கடிந்துகொள்வதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று வீட்டாரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3 உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 11.5 இருக்கும்; அவர் கடைக்குப் போய் வருவார். இன்னொருவர் 8க்கு இறங்கி, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். சிறுநீரகச் சேதம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மிச்ச வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைத்தவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். அந்தத் தேடலுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன உறவு?

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. எவ்வளவு பிறக்க வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன். வளர்ந்தவர்களின் உடலில் இந்த ஹார்மோனில் 90 சதவீதம் அளவுக்குச் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீர் நுண்குழல்களுக்கு இடையே உள்ள திசுவில் இருக்கும் சில செல்கள், ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும் சுரப்பைக் கூட்டும். செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி அறிகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கும்போது, இந்தச் செல்களும் தேவைக்கேற்பச் சுரக்கும் திறனை இழக்கின்றன. மஜ்ஜை நல்ல நிலையில் இருந்தும் அதற்குக் கட்டளை வருவதில்லை.

கூடவே, சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு, கழிவு தேங்கிய ரத்தத்தில் அவ்வளவு நாள் தாங்குவதில்லை. பிறப்பு குறைகிறது, இறப்பு முந்துகிறது.

சிறுநீரக நோயாளிகள் வெளிறிப் போவதை லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1830களிலேயே எழுதிவைத்தார். ஆனால் அந்த ஹார்மோனை ஊசி மருந்தாகத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1989இல்தான். அதுவரை டயாலிசிஸ் நோயாளிகள் பலர் மறுபடி மறுபடி ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். இன்று நம் ஊர்களில் 'ஹீமோகுளோபின் ஊசி' என்று சொல்வது இந்த ஹார்மோன் ஊசியைத்தான்.

ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழேயும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழேயும் போனால் ரத்தசோகை என்று கணக்கு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணால் குறிப்பார்கள். உங்கள் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினினுக்கு அருகில் இருக்கும். அது 60க்குக் கீழே இறங்கும்போது ரத்தசோகை தலைகாட்டத் தொடங்கும். 30க்குக் கீழே வெகு சகஜம். எனவே முதல் ஆபத்துக் காரணி, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதே. அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், சிறுநீரக நோயின் முதல் நிலையில் 8.4 சதவீதம் பேருக்கும், ஐந்தாம் நிலையில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடைசி நிலையிலும் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த எல்லைக்கு மேலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஊசி போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்றாலும், சிறுநீரகத்தின் நிலை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு.

சர்க்கரை நோய் இருந்தால்

சிறுநீரகம் ஏன் கெட்டது என்பதும் முக்கியம். சர்க்கரை நோயால் கெட்டிருந்தால், அதே கிரியாட்டினின் உள்ள மற்றவர்களைவிட ரத்தசோகை முன்கூட்டியே வரும், ஆழமாகவும் வரும். இ.ஜி.எஃப்.ஆர். 60க்கு மேல் இருக்கும்போதே சிலருக்கு ஹீமோகுளோபின் இறங்கிவிடுகிறது. சர்க்கரை, எரித்ரோபாய்ட்டின் சுரக்கும் இடைத்திசுவைச் சீக்கிரமே பாதிக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளும் பழுதாவதால், ஆக்சிஜன் குறைந்தாலும் சுரப்பு அதற்கேற்ப எழுவதில்லை. ஆறாத கால் புண், ஈறு நோய் போன்ற நாள்பட்ட அழற்சிகள் இன்னொரு பக்கம். வருடக்கணக்காக மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் சேர்ந்துகொள்ளும். சைவச் சாப்பாட்டுக்காரராகவும் இருந்தால் பி12 அளவைக் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

ஆகவே சர்க்கரை நோயாளிக்குக் களைப்பு வந்தால், "சுகர் இருக்கிறதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். சர்க்கரைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ரத்தத்திலேயே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்வது பெரிய செலவில்லை. ஒரு நுட்பம்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை ரத்தசோகை பொய்யாக்கும். சிவப்பணு சீக்கிரம் சாகும்போது அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சர்க்கரை திடீரென்று நன்றாகக் கட்டுப்பட்டதுபோல் தெரிந்தால், ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துவிட்டு மகிழுங்கள்.

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளைத் தாக்கிவரும் காரணம் தெரியாத சிறுநீரக நோயிலும் முதலில் அடிபடுவது நுண்குழல்களும், அவற்றைச் சூழ்ந்து எரித்ரோபாய்ட்டின் சுரக்கும் இடைத்திசுவுமே. சிறுநீரில் புரதம் பெரிதாக ஒழுகாது, கால் வீங்காது. களைப்பு ஒன்றுதான் தெரியும். அதையும் வயல் வேலைக் களைப்பு என்று எண்ணிவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் ரத்தசோகை பொதுவாகக் குறைவு. கட்டிகளைச் சுற்றியுள்ள திசு எரித்ரோபாய்ட்டினைத் தொடர்ந்து சுரக்கிறது. ஆதலால் நீர்க்கட்டி நோய் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கினால், ரத்தம் வேறு எங்கோ கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பெண்கள், முன்பே காலியாக இருந்த இருப்பு

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். சிறுநீரக நோய் வருவதற்கு முன்பே நிலைமை இது. உடலில் இரும்புச்சத்துக் கையிருப்பு ஏற்கெனவே காலியாக இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகமும் தளர்ந்தால், ஹீமோகுளோபின் வேகமாகச் சரிவதில் வியப்பில்லை. மாதவிடாயில் அதிகப் போக்கு, கர்ப்பப்பைக் கட்டி, அடுத்தடுத்த பிரசவம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம், இவை எதுவும் பரிசோதனைத் தாளில் வராது. மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். எத்தனை நாள் போக்கு, எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதைக் கூச்சமின்றிச் சொல்வது சிறுநீரக மருத்துவரிடமும் தேவை. பச்சரிசியை அள்ளி வாயில் போடும் ஆசை, ஐஸ்கட்டி, சாம்பல், மண் தின்னும் ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவின் தெளிவான அடையாளம் அது. அதற்காக யாரும் யாரையும் கேலி செய்ய வேண்டாம்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்திருந்தால் வேறு கேள்வி எழ வேண்டும்: குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா? வயிற்றுப் புண், மூலம், குடல் புற்றுநோய் எல்லாம் மெதுவாகக் கசியவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குடலின் சிறு ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசிவதும் அதிகம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே காட்டுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால், மாத்திரை சாப்பிடுகிறீர்களா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "கிட்னி நோயாளிதானே, ரத்தம் குறைவாகத்தான் இருக்கும்" என்று யாராவது, அது மருத்துவராகவே இருந்தாலும், இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போனால் நிறுத்திக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் மறைந்தே வளரும் குடல் புற்றுநோய் உண்டு.

செருப்பில்லாமல் வயலிலும் தோட்டத்திலும் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். ஒரு மலப் பரிசோதனை, விலை குறைந்த ஒரு மாத்திரை, அவ்வளவில் தீர்ந்துபோகும்.

இருந்தும் கிடைக்காத இரும்பு

இந்தப் பகுதிதான் நோயாளிகளை அதிகம் குழப்புகிறது. ஃபெரிட்டின் என்ற பரிசோதனை, உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதைக் காட்டுவது. அது 400 என்று வருகிறது. அப்படியானால் இரும்பு ஏராளம் என்றுதானே பொருள்? ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

உடலில் எங்காவது தொற்றோ அழற்சியோ நீடித்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். சேமித்துவைத்த இரும்பையும் செல்களிலிருந்து வெளியே விடாது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், சாவி தொலைந்து வீடு பட்டினி கிடப்பது போன்ற நிலை. ஹெப்சிடினை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான் என்பதால், இந்த நோயாளிகளுக்கு அது இரட்டிப்பாகத் தேங்குகிறது. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டினும் தானாகவே உயரும் என்பதால் அந்த எண் ஏமாற்றும். எனவே ஃபெரிட்டினை மட்டும் பார்க்காமல், டிரான்ஸ்ஃபெரின் செறிவு சதவீதத்தையும் பார்க்க வேண்டும். மஜ்ஜைக்குப் போய்க்கொண்டிருக்கும் இரும்பின் அளவை அது சொல்லும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ஃபெரிட்டினும் 100க்குக் கீழே இருந்தால் (ஹீமோடயாலிசிஸ் செய்பவர்களுக்கு 200க்குக் கீழே) இரும்பு உண்மையிலேயே இல்லை. செறிவு குறைவாகவும் ஃபெரிட்டின் அதிகமாகவும் இருந்தால், எங்கோ புகைந்துகொண்டிருக்கும் அழற்சியைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது? வாயிலிருந்து தொடங்கலாம். சொத்தைப் பல், சீழ் பிடித்த ஈறு. காலில் ஆறாத புண். கழுத்தில் போட்ட டயாலிசிஸ் குழாய். முன்பு பொருத்தி, பின்னர் செயலிழந்து, உள்ளேயே விட்டுவிட்ட மாற்றுச் சிறுநீரகம். காசநோய்: சிறுநீரக நோயாளிகளிடம் இது இருமல் இல்லாமல், மாலைக் காய்ச்சலும் எடை குறைவுமாக மட்டுமே வரக்கூடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் கிருமிகள். ஹார்மோன் ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் பலன் இல்லை என்றால், இன்னும் கூட்டுவதற்கு முன் இவற்றைத் தேட வேண்டும். ஒரு சொத்தைப் பல்லை எடுத்த பிறகு அதே ஊசி வேலை செய்யத் தொடங்குவது உண்டு. ஊசியின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தப் பல்லின் அருமை புரியும்.

டயாலிசிஸ் தொடங்கியபின்

உடலில் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இழக்கிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதும் 1 அல்லது 2 மில்லிகிராம்தான். கணக்கு சரியாகிவிடும். ஹீமோடயாலிசிஸ் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் வடிகட்டியிலும் குழாயிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகிறது, ஊசி எடுத்த இடத்தில் கசிகிறது, பரிசோதனைக்காகவும் எடுக்கிறார்கள். இப்படி வருடத்துக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு போய்விடுகிறது. இதைப் பேரீச்சம்பழத்தால் ஈடுகட்டவே முடியாது. எந்த உணவாலும் முடியாது. டயாலிசிஸ் செய்பவருக்கு நரம்பு வழியாக இரும்பு ஊசி போடச் சொல்வது இதனால்தான். தொற்றும் காய்ச்சலும் இருக்கும் நாட்களில் மட்டும் அதைத் தள்ளிப்போடுவார்கள்.

டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் நீங்களே கவனிக்கக்கூடியவை உண்டு. முடிக்கும்போது குழாயிலுள்ள ரத்தத்தை முழுதாக உடலுக்குத் திருப்பி அனுப்புகிறார்களா? வடிகட்டி கருஞ்சிவப்பாகவே நின்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. அடிக்கடி அப்படி ஆனால், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதை டயாலிசிஸ் தொடங்கும் நேரத்திலேயே ஒரே முறையாக முடித்துக்கொள்ளச் சொல்லலாம். கழுத்துக் குழாயோடு மாதக்கணக்கில் இருப்பவர்களுக்குத் தொற்றும் அழற்சியும் தொடரும். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டுக்கொள்வதைத் தள்ளிப்போடாமல் இருப்பது ரத்தசோகைக்கும் மருந்து.

வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டிய டயாலிசிஸைப் பணத்துக்காகவும் பயணத்துக்காகவும் இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் நம்மிடம் ஏராளம். போதாத டயாலிசிஸில் கழிவு தேங்கி மஜ்ஜையை மந்தமாக்கும். ஊசியும் பலன் தராது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடம் உண்டு. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. வயிற்று வழி டயாலிசிஸில் ரத்த இழப்பு மிகக் குறைவு. எந்த வழி என்று முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. டயாலிசிஸுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரமின் மிஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் வெடித்துச் சிதறும். அலுமினியம் மிஞ்சியிருந்தால், காலப்போக்கில் இரும்பு ஊசிக்கும் மசியாத ரத்தசோகை வரும். ஒரே மையத்தில் பல பேருக்கு ஒரே சமயத்தில் ஹீமோகுளோபின் சரிந்தால், குற்றம் நோயாளிகளின் உடலில் இருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீரைச் சோதித்த பதிவேட்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மேலும் ஒன்று: இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்று, நான்கு கிலோ நீர் ஏறியிருந்தால் ரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒரு மாதத்தின் எண்ணைப் பார்த்துப் பதறாமல், மூன்று நான்கு மாத எண்களை வரிசையாக எழுதிவைத்துப் பாருங்கள்.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அதில் இருக்கட்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுத்து, வயிற்றிலும் ரத்தத்தைக் கசியவைக்கும். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் கசிவைக் கூட்டும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் புரத ஒழுகலுக்கும் தரும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகைகளும் ஹீமோகுளோபினைச் சிறிதளவு இறக்கும். அவை சிறுநீரகத்துக்குச் செய்யும் நன்மை பெரிது என்பதால் அந்தச் சிறு இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் மைக்கோஃபினலேட், அசாத்தியோபிரின் மஜ்ஜையை மந்தமாக்கக்கூடியவை. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அசாத்தியோபிரின் சாப்பிடுபவருக்கு யூரிக் அமிலத்துக்காக வேறொரு மருத்துவர் அலோபூரினால் எழுதிக்கொடுத்தால், இரண்டும் சேர்ந்து மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். புதிய மாத்திரை எதுவானாலும், பழைய சீட்டைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லாமல் போவதற்குப் பல சமயம் கடிகாரம்தான் காரணம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேராது. காலை டீ, காப்பியோடும் அப்படித்தான். அசிடிட்டிக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. அந்த மாத்திரை இன்னும் தேவைதானா என்று ஒருமுறை கேளுங்கள்.

பெயர் ஒட்டாத லேகியம், பொடி, பஸ்பம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஹீமோகுளோபின் உருவாவதையும் தடுக்கும். திட்டுவார்களோ என்று பயந்து ஒளித்த ஒரு டப்பாவால், பல மாதம் காரணம் தெரியாமல் அலைய நேரும்.

எளிதில் கண்ணில் படாதவை

பாராதைராய்டு ஹார்மோன் கட்டுக்கடங்காமல் ஏறினால் மஜ்ஜை நார்த்தன்மை அடையும். கால்சியம், பாஸ்பரஸ் சிகிச்சையில் காட்டும் அலட்சியம் ரத்தத்தில் வந்து நிற்கும். தைராய்டு குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு இரண்டும் எளிதில் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. பரம்பரையாக வரும் தலசீமியா மரபணு இருப்பவர்களுக்கு சிவப்பணு சிறுத்தே இருக்கும். அதை இரும்புக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் இரும்பு கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது. அந்நோயே சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால், அந்தப் பகுதிக் குடும்பங்களில் இதைக் கேட்டே ஆக வேண்டும். நடுவயதைத் தாண்டியவருக்குத் தொடர்ந்த முதுகெலும்பு வலி, சிறுநீரகப் பழுது, அதற்குப் பொருந்தாத அளவு ரத்தசோகை மூன்றும் சேர்ந்திருந்தால் மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயை நினைவில் கொள்ள வேண்டும்.

பயத்தில் வரும் பட்டினியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருப்பு கூடாது, முட்டை கூடாது, பழம் கூடாது என்று ஆளுக்கொரு தடையாகச் சொல்லி, கடைசியில் கஞ்சியும் ரசமுமாக நோயாளியை வற்றவைத்துவிடுகிறோம். புரதக் கட்டுப்பாடு டயாலிசிஸுக்கு முந்தைய நிலைக்கு உரியது. டயாலிசிஸ் தொடங்கியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. முட்டை வெள்ளைக்கரு அவருக்கு நல்ல துணை. காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

எப்போது பார்ப்பது, எதுவரை ஏற்றுவது

ரத்தசோகை இன்னும் வராதவர்கள், நோய் மூன்றாம் நிலையில் வருடத்துக்கு ஒருமுறையாவது, நான்கு, ஐந்தாம் நிலைகளில் இரண்டு முறையாவது, டயாலிசிஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட், ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பி12, ஃபோலேட் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கப் புறங்கையை நீட்டுங்கள். முன்கை நரம்புகள் பின்னாளில் ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும்.

இரும்பைச் சரிசெய்யாமல் ஹார்மோன் ஊசியைத் தொடங்கினால் ஊசி வீண். மாத்திரையாகவே சாப்பிடக்கூடிய டெசிடுஸ்டாட் என்ற மருந்துக்கு 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. யாருக்கு ஏற்றது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். எதை எடுத்தாலும் ஹீமோகுளோபினை 13, 14 என்று முழுதாக ஏற்றிவிட ஆசைப்படாதீர்கள். 2006இலும் 2009இலும் வெளியான பெரிய ஆய்வுகள், ஊசியால் அந்த உயரத்துக்குத் தள்ளுவதில் ஆபத்து இருப்பதைக் காட்டின. 2009 ஆய்வில் பக்கவாதம் கிட்டத்தட்ட இரு மடங்கானது. ஊசி போடுபவர்களில் பெரும்பாலோருக்கு 10க்கும் 11.5க்கும் இடையே இருந்தால் போதும். ஊசிக்குப் பின் இரத்த அழுத்தம் ஏறுகிறதா என்பதை வீட்டிலேயே அளந்து குறித்துவையுங்கள்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி. நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், பெரிய ரத்தப்போக்கு இருந்தால் ஏற்றியே ஆக வேண்டும், அப்போது தயங்காதீர்கள். ஆனால் "இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளாதீர்கள். வேறொருவரின் ரத்தம் உள்ளே போகும்போது, பிறர் திசுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உங்கள் உடலில் உருவாகலாம். பின்னாளில் அம்மாவோ அண்ணனோ சிறுநீரகம் தர முன்வந்தாலும், பொருத்தம் இல்லை என்று முடிவு வரக் காரணமாவது இதுதான். பலமுறை பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல். மாற்று அறுவைக்குத் திட்டமிடுபவர் என்பதை, ரத்தம் ஏற்றும் முன்பே பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளையணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். டிரான்ஸ்டான் எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், எந்தத் தேதியில் எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்பதை உங்கள் மாற்று மருத்துவமனைக்குத் தெரிவித்து, சில வாரம் கழித்து ஆன்டிபாடி பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள்.